மணிக்கு ஆயிரம் ரூபாய் உழவும் பாலிசியில் நான் படிக்காத வரியும்

போன வருஷம் ஆனி மாதம். பக்கத்து வயல் அண்ணன் அப்போதுதான் இயற்கை விவசாயத்துக்கு மாறியிருந்தார். சித்திரை மழைக்குப் பலதானியம் விதைத்து, பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழ எங்கள் டிராக்டரைக் கேட்டார். மணிக்கு ஆயிரம் ரூபாய், டீசல் நம்முடையது. ஊரில் நடக்கிற கூலிதான். ஓட்டப் போனது வழக்கமாக எனக்கு ஓட்டுகிற தம்பி. முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. ரொட்டவேட்டரை வரப்போரத்தில் திருப்பும்போது பின்சக்கரம் மொட்டைக் கிணற்றின் கரையில் ஏறியது, கரை சரிந்தது. தம்பி குதித்துவிட்டான். மணிக்கட்டு முறிவோடு போனது. டிராக்டர் கிணற்றுக்குள் பாதி, வெளியில் பாதியாகத் தொங்கியது.

கிரேன் வைத்துத் தூக்கி ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். செலவு மதிப்பீடு 1,48,000 ரூபாய். எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் மேஜையில். டிராக்டர் கடன் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "இன்சூரன்ஸ் மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் பழகிப்போனவன். என் பாலிசி உயிரோடு இருந்தது. முழுக் காப்பீடு, பிரீமியம் கட்டியிருந்தேன், ஓட்டிய தம்பிக்கு லைசென்ஸ் இருந்தது. வேறென்ன வேண்டும்?

சர்வேயர் வந்தார். தன்மையான மனிதர். நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, "இது யார் வயல் சார்?" என்றார். சொன்னேன். "உழவுக்குக் காசு வாங்கினீங்களா?" சொன்னேன். எழுதிக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. "வாகனம் பாலிசியில் குறிப்பிட்ட பயன்பாட்டு வரம்பை மீறி வாடகைக்குப் பயன்படுத்தப்பட்டதால் உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை."

அன்றைக்கு ராத்திரிதான் என் பாலிசியை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் பக்கத்தில் பேர், இன்ஜின் நம்பர், மதிப்பு, பிரீமியக் கணக்கு எல்லாம் இருக்கும். நாம் பார்ப்பது அதைத்தான். கொஞ்சம் கீழே பொடி எழுத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி. என்னுடையதில் இருந்தது இது: வேளாண்மை, வனவியல் வேலைகளுக்கு மட்டும், வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தினால் காப்பு இல்லை, ஆட்களைக் கூலிக்கு ஏற்றினால் காப்பு இல்லை, சட்டம் அனுமதித்ததைவிட அதிகம் டிரெய்லர் இழுத்தால் காப்பு இல்லை. விவசாய டிராக்டர் என்று எடுக்கிற பாலிசிகளில் வார்த்தை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சாரம் பெரும்பாலும் இதுதான். நீங்களும் உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? 'உழவு விவசாய வேலைதானே, யார் வயலாக இருந்தால் என்ன?' நியாயமான கேள்விதான். வேலை விவசாயம் என்பதை யாரும் மறுக்கவில்லை. இடிப்பது அந்த 'வாடகைக்கோ கூலிக்கோ' என்ற வார்த்தை. எட்டு ஏக்கர் வைத்திருப்பவன் சொந்த உழவுக்கு மட்டும் ஒரு டிராக்டர் வைத்துக் கட்டுப்படியாக்க முடியாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது கொட்டகையில்தான் நிற்கும். அதனால் நாலு பேருக்கு ஓட்டுகிறோம். ஊரில் யாரிடம் கேட்டாலும் இது தெரியும். டிராக்டரை விற்கிற கம்பெனிக்குத் தெரியும், கடன் கொடுக்கிற வங்கிக்கும் தெரியும். திட்ட அறிக்கையில் 'வாடகை உழவு மூலம் வருமானம்' என்று நானே எழுதி, அதை வைத்துத்தான் தவணை கட்ட முடியும் என்று கணக்குக் காட்டியிருக்கிறேன்! பாலிசிக்கு மட்டும்தான் தெரியாது. பிழைப்பு ஒன்று, காகிதம் ஒன்று.

ஊரில் ரெண்டு மூன்று பேர் யோசனை சொன்னார்கள். "மாத்து உழவுன்னு சொல்லியிருக்கலாமே, காசு வாங்கினேன்னு ஏன் சொன்னீங்க?" அப்படிச் சொன்னால் நானும் பொய் சொல்லணும், வயல்கார அண்ணனும் பொய் சொல்லணும், கை முறிந்து கிடக்கிற தம்பியும் சொல்லணும். நியாயத்தை விடுங்கள், கணக்காகப் பார்த்தாலும் அது நஷ்டம். கோரிக்கையில் பொய் என்று நிரூபணமானால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்று காப்பீடு செய்த கார், வாடகைக்கு ஓடும்போது விபத்தாகிறது. கம்பெனி அடியோடு மறுக்கிறது. அப்படி முழுசாக மறுக்கக் கூடாது, பயன்பாட்டு வரம்பு மீறல் போன்றவற்றில் 'நான்-ஸ்டாண்டர்டு' முறையில், அதாவது ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்ற வழக்குத் தொகுப்பில் 2010-ஆம் ஆண்டு 4-ஆம் தொகுதி, 536-ஆம் பக்கம். தேவைப்படுகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டி மறுபரிசீலனை கேட்டேன். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி தேய்மானம், மற்ற பாகங்களுக்கு வயதுக்கேற்ற தேய்மானம், கட்டாயக் கழிவு எல்லாம் போக ஏற்கத்தக்க தொகை 1,12,000 என்று கணக்கிட்டு, அதில் 75 சதவீதம், 84,000 ரூபாய் கொடுத்தார்கள். ஐந்து மாதம் ஆனது. மீதி 64,000 ரூபாயும், கிரேன் கூலியும், தம்பியின் கட்டுச் செலவும் என் கையிலிருந்து.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. வண்டிக்கு வந்தது பணத்தோடு போச்சு. ஆளுக்கு வந்திருந்தால்?

ஒரே பாலிசிக்குள் ரெண்டு அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை நம் வண்டிக்கு வரும் சேதம். அது நம் விருப்பம், எடுக்கலாம், விடலாம். அடுத்த அறை மூன்றாம் நபருக்கு, அதாவது நம் வண்டியால் சாலையில் போகிறவருக்கும் அவர் உடைமைக்கும் வருகிற சேதம். அது மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவின்படி கட்டாயம். இதற்கான பிரீமியம் அரசு அறிவிப்பது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். ஏஜெண்ட் 'உங்களுக்காகக் குறைச்சுத் தர்றேன்' என்றால் முதல் அறையில்தான் எதையோ குறைக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் வண்டியின் மதிப்பைக் குறைத்திருப்பார். காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. நான் பயப்படுவது அந்த அபராதத்துக்கு இல்லை.

சாலையில் போகிறவர்மேல் மோதிவிட்டால், பாலிசி உயிரோடு இருக்கிறவரை, நமக்கும் கம்பெனிக்கும் இடையில் உள்ள தகராறு அவரைப் பாதிக்கக் கூடாது என்பது சட்டத்தின் போக்கு. பல வழக்குகளில் நீதிமன்றம் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். 'கொடுத்துவிட்டு வசூலி.' இந்த ரெண்டாவது பாதியை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. இன்சூரன்ஸ் கட்டிட்டாங்க, கேஸ் முடிஞ்சுதுன்னு நிம்மதியாக இருப்பார்கள். ரெண்டு வருஷம் கழித்து நோட்டீஸ் வரும்.

டிரெய்லரில் ஏறி வருகிறவர்கள் விஷயம் இதைவிட மோசம். டிராக்டரில் ஒரே ஒரு ஸீட்டு. மட்கார்டில் உட்கார்கிறவரும் பெட்டியில் உட்கார்கிறவரும் சட்டப்படி அங்கே இருக்கவே கூடாதவர்கள். 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு: செங்கல் சூளைக்கு மண் அள்ளிப் போன டிராக்டர் டிரெய்லரில் இருந்து விழுந்து ஒரு கூலித் தொழிலாளி படுகாயம் அடைந்தார். பாலிசி விவசாய வேலைக்கு. சூளைக்கு மண் ஓட்டுவது விவசாயம் இல்லை, எனவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொழிலாளி ஏழை என்பதால், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று முடித்தது. தொழிலாளிக்குப் பணம் வந்தது, நல்லது. வண்டிக்காரர் நிலையை யோசித்துப் பாருங்கள். தீர்ப்பாயம் சொன்ன தொகையை நாம் கட்டாவிட்டால், 174-ஆம் பிரிவின்படி கலெக்டருக்குச் சான்று போகும். அவர் அதை நிலவரி பாக்கி வசூலிக்கிற முறையில் வசூலிப்பார். நிலவரி பாக்கிக்கு எதை ஜப்தி செய்வார்கள் என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. மணிக்கு ஆயிரம் ரூபாய் கூலிக்குப் போன இடத்தில் பாட்டன் சொத்து மாட்டுகிறது.

அப்படியானால் எந்த வேலைக்குப் போகலாம்? என் அனுபவத்தில் நான் போட்டுக்கொண்ட கோடு இது. சொந்த வயல் உழவு, சொந்தத் தொழுவுரம், சொந்த நெல்லை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது, இதில் எந்தத் தகராறும் இல்லை. அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுவது, ரொட்டவேட்டர், வைக்கோல் கட்டுவது, அடுத்தவருக்குக் கூலிக்கு எரு அடிப்பது, இவை விவசாயம்தான், ஆனால் கூலி இருக்கிறது. இங்கே பாலிசியில் எழுதி வாங்காமல் போகக் கூடாது. செங்கல், மணல், ஜல்லி, கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் டேங்க், இதெல்லாம் விவசாயமே இல்லை. பாலிசியோடு நிற்காது, வண்டியின் பதிவே வேறு வகை ஆகணும், வரி, தகுதிச் சான்று, பெர்மிட் என்று போகும். அந்தப் பக்கம் நான் போவதில்லை. கிடாவெட்டுக்குப் பெட்டியில் ஜனங்களை ஏற்றிப்போவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒருத்தர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

விபத்துக்குப் பிறகு புதுப்பிக்கிற நேரம் வந்தபோது ஏஜெண்டை நம்பாமல் நேரே அலுவலகம் போனேன். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'இந்த டிராக்டரைச் சொந்த நிலத்திலும், சுற்றுவட்டார விவசாயிகளின் நிலத்தில் கூலிக்கும் விவசாய வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். இழுக்கும் டிரெய்லரின் பதிவு எண் இது. சம்பளத்துக்கு ஒரு ஓட்டுநர் இருக்கிறார். இவற்றுக்குக் காப்பு வேண்டும்.' பழைய கம்பெனியில் 'அப்படியெல்லாம் போடுறதில்ல சார்' என்றார்கள். வேறொரு கம்பெனியில் இருந்த அதிகாரி மேலே கேட்டு, பயன்பாட்டு வரம்பில் வாடகை விவசாய வேலையையும் சேர்த்து எழுதித் தந்தார். கூடின பிரீமியம் ரெண்டு மூன்று மணி நேர ரொட்டவேட்டர் கூலிக்கு மேல் இல்லை. எல்லா அலுவலகத்திலும் இது உடனே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு 'நீங்க சொல்லவே இல்லையே' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வாயால் ஏஜெண்ட் சொல்கிற 'அதெல்லாம் கவர் ஆகும்ணே' என்பதற்கு மதிப்பு அந்த டீக்கடையோடு சரி. பாலிசித் தாளில் ஏறினால்தான் உண்டு.

டிரெய்லரைப் பற்றித் தனியாகச் சொல்லணும். டிராக்டருக்குப் பாலிசி இருந்தால் பெட்டிக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை. பெட்டியின் எண்ணும் மதிப்பும் பாலிசியில் ஏறியிருக்கணும், அதற்குத் தனிப் பிரீமியம். ரொட்டவேட்டர் போன்ற கருவிகளும் அப்படியே. அவற்றின் விலை இப்போது குறைவில்லையே. அதேபோல மட்கார்டு, லைட்டு, டயர், பானெட், பெயிண்ட் இவற்றுக்குச் சேதம் வந்தால், வண்டி மொத்தமாகப் போனால் ஒழியக் கிடையாது என்று சில பாலிசிகளில் ஒரு விலக்கு இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி அதை நீக்கிக்கொள்ளலாம். வயலில் டிராக்டருக்கு முதலில் அடிபடுவதே அவைதான்.

இனி ஆட்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்குச் சட்டம் ஓரளவு காப்பைத் தருகிறது. அதற்கு மேலும் 'சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்க்க வருஷத்துக்கு 50 ரூபாய்தான். என் பாலிசியில் அது இல்லாமல் இருந்தது. ஐம்பது ரூபாய்! உரிமையாளரே ஓட்டினால் அவருக்கு 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும்.

நம் வீடுகளில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்.சி. அப்பா பேரில், ஓட்டுவது மகன். மகன் உரிமையாளர் இல்லை, எனவே அந்த 15 லட்சம் அவனுக்கு இல்லை. சம்பளம் வாங்கவில்லை, எனவே ஓட்டுநர் கணக்கிலும் இல்லை. மூன்றாம் நபரும் இல்லை. உரிமையாளரின் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன்னால் கவிழ்ந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பாலிசியிலிருந்து ஒன்றும் வராது. வண்டியை மகன் பேருக்கு மாற்றலாம், அல்லது அவன் பேரைக் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பைச் சேர்க்கலாம். ரெண்டில் ஒன்றை இந்த மாதமே செய்யுங்கள்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இலகு ரக வாகன லைசென்ஸ் இருந்தால் டிராக்டர் ஓட்டலாம். டிரெய்லர் மாட்டியதாலேயே அந்த லைசென்ஸ் செல்லாது என்று கம்பெனி சொல்ல முடியாது என்று 2001-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் நம்ம பையன்கள் பலரிடம் இருப்பது டூவீலர் லைசென்ஸ். அவர்களிடம் சாவியைக் கொடுத்தால் மேலே சொன்ன எழுத்து வேலை அத்தனையும் வீண்.

வங்கியில் இருந்து பார்த்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடன் இருக்கிறவரை பாலிசியை வங்கியே புதுப்பித்துக் கணக்கில் பற்று வைக்கும். அசல் பாலிசி கடன் கோப்பில் தூங்கும். விவசாயி அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். கடைசித் தவணை கட்டி, சந்தோஷமாக இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வருஷத்தோடு புதுப்பிப்பவர் யாரும் இல்லை. காப்பீடு இல்லாமல் நாலைந்து வருஷம் ஓடிய டிராக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கடன் முடிந்ததும் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் வங்கியின் பேரை நீக்கணும். நீக்காவிட்டால் வண்டி மொத்தமாகப் போகும்போது பணம் வங்கி பேரில் வரும். அதை நம் கைக்குக் கொண்டுவர அலைய வேண்டியிருக்கும். செக் கொடுத்துப் பிரீமியம் கட்டுகிறவர்கள், செக் பாஸ் ஆனதா என்று பாருங்கள். திரும்பினால் பாலிசி செல்லாது.

பழைய டிராக்டர் வாங்குவோரும் விற்போரும் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டு ஆர்.சி. மாற்றாமல் விடுவது ஊர் வழக்கம். விற்றவரே, கேளுங்கள்: ஆர்.சி.யில் உங்கள் பேர் இருக்கிறவரை விபத்து வழக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாங்கியவருக்கும் நஷ்டம்தான். பாலிசியைத் தன் பேருக்கு மாற்றக் கேட்க அவருக்கு இருப்பது 14 நாள். அதை விட்டால் தன் வண்டிச் சேதத்துக்கு அவரால் கேட்க முடியாது.

விபத்து நடந்துவிட்டால், ஆளைக் காப்பாற்றிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன்பே போட்டோ எடுங்கள், அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் காவல் நிலையத்தில் பதிவு அவசியம். 'பேசி முடிச்சுக்கலாம்' என்று பஞ்சாயத்தில் பணம் கொடுத்தாலும் பின்னால் வழக்கு வரலாம். அப்போது கம்பெனி 'எங்களுக்குச் சொல்லவே இல்லை' என்று நிற்கும். மறுப்புக் கடிதம் வந்தால் மடித்து வைத்துவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனியின் கடைசிப் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் எழுதணும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச எண் 155255. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

தம்பியின் கை சரியாகிவிட்டது. இப்போதும் அவன்தான் ஓட்டுகிறான். பாலிசி, ஆர்.சி., அவன் லைசென்ஸ் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸீட்டுக்குக் கீழே உள்ள டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம். அவன் போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறான். பக்கத்து வயல் அண்ணன் கிணற்றுக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. இந்த ஆனியில் அந்தப் பக்கத்து நாலு சால் மட்டும் மாட்டு ஏரில்தான் ஓட்டினோம்.